பெத்தாலஜிதான் வேண்டும் என்கிறாள் மகள், விட்டுவிடுங்கள் அம்மா

ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் மருத்துவப் படிப்பை முடித்து, முதுநிலைத் தேர்விலும் நல்ல இடம் பிடித்துவிட்டாள். ஸ்கேன், எக்ஸ்ரே பார்க்கிற ரேடியாலஜி கேட்டால் கிடைக்கும். அவளோ, உடல் திசுவைப் பார்த்து நோயைக் கண்டறியும் பெத்தாலஜி படித்து, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகப்போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். "இத்தனை வருஷம் படித்தது லேப்பில் உட்காரவா?" என்கிறார் பெரியப்பா. "பிணம் அறுக்கிற வேலைக்கா பெண்ணை அனுப்பப்போகிறாய்?" என்று சித்தி கேட்டாராம். அப்பா வாயே திறக்கவில்லை. "அவளுக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

உங்கள் கவலை புரிகிறது அம்மா. ஆனால் அவளுக்கு எடுத்துச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. சொல்ல வேண்டியது உங்களுக்கும், உங்களைவிடப் பெரியப்பாவுக்கும்தான். ரேடியாலஜி, இதய மருத்துவம், தோல் மருத்துவம் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவற்றின் பெருமையைப் பேச எல்லா வீட்டிலும் நாலு பேர் இருக்கிறார்கள்.

முதலில் சித்தியின் கேள்வி. பிரேதப் பரிசோதனை இந்தத் துறையில் ஒரு சிறு பகுதி. புற்றுநோய் மருத்துவமனையில் பெத்தாலஜிஸ்ட் பார்ப்பது பெரும்பாலும் உயிரோடு இருப்பவர்களின் திசுவை. உடம்பில் ஒரு கட்டி. ஸ்கேன் சந்தேகத்தைக் கிளப்பும், ரத்தப் பரிசோதனை சந்தேகத்தைக் கூட்டும். இது புற்றுநோய்தானா, என்ன வகை, எந்த உறுப்பில் தொடங்கியது என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்வது, கட்டியிலிருந்து எடுத்த துண்டைச் சோதித்து எழுதும் பயாப்சி அறிக்கைதான். அதில் கையெழுத்து விழும்வரை அறுவை மருத்துவரும் காத்திருப்பார், கீமோ கொடுப்பவரும் காத்திருப்பார்.

சில நேரம் அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு துண்டு வரும். அதை உறையவைத்துச் சீவி, சாயமேற்றி, சுமார் இருபது நிமிடத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வெட்டிய ஓரத்தில் கட்டி இருக்கிறதா, இல்லையா? நோயாளி மேசைமேல் மயக்கத்தில் இருக்கிறார். "லேப்பில் உட்காரவா" என்று கேட்பவர்கள் ஒருநாள் அந்த இருபது நிமிடம் அங்கே நின்று பார்க்கலாம்.

சரி, ஆராய்ச்சிக்கு வருகிறேன். உங்கள் மகள் கேட்பது வெறும் நோயறிதல் வேலை இல்லையே. கட்டியைப் படித்துச் சொல்வது, அந்தப் படிப்பிலிருந்தே புற்றுநோய் எப்படி இயங்குகிறது என்று தேடுவது, இரண்டும் சேர்ந்த பாதை அது. அதிகம் பேர் போகாத பாதை. ஏன் அதற்கு மதிப்பு என்று ஒரே ஒரு சாயத்தை வைத்துச் சொல்கிறேன்.

மார்பகப் புற்றுநோய்த் திசு வந்தால், ஹெர்2 என்ற புரதம் செல்லின் மேற்சவ்வில் எவ்வளவு இருக்கிறது என்று அந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடி சாயம் போட்டுப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். சவ்வைச் சுற்றி அடர்ந்த பழுப்பு வளையம் முழுமையாகத் தெரிந்தால் 3+. வளையம் முழுதாக இருந்தும் வெளிறியிருந்தால் 2+, அதற்கு மேல் மரபணுப் பரிசோதனை. பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட செல்களில் மங்கலாக, அரைகுறையாகத் தெரிந்தால் 1+. அதற்கும் கீழே என்றால் 0. ஹெர்2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுஜுமாப் மருந்து 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பிறகு பல வருடம் 0, 1+ இரண்டும் 'நெகட்டிவ்' என்ற ஒரே கணக்கில்தான் போயின. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி யாரும் மெனக்கெடவில்லை, மெனக்கெட அவசியமும் இல்லை. 2022-இல் நிலைமை மாறியது. ஹெர்2 குறைவாக உள்ள (1+ போன்ற), பரவிய மார்பகப் புற்றுநோயிலும் டிராஸ்டுஜுமாப் டெரக்ஸ்டிகான் என்ற மருந்து ஆயுளை நீட்டிக்கிறது என்று ஆய்வு காட்டியது. அப்போது 0 என்று எழுதுவதா, 1+ என்று எழுதுவதா என்பது ஒரு பெண்ணுக்கு அந்த மருந்து கிடைக்குமா என்ற கேள்வியாகிவிட்டது.

இப்போது கேள்விகள் வரிசையாக வரும். திசுச் சீவல் ஒட்டிய ஒரே கண்ணாடித் தகட்டை, அதாவது ஸ்லைடை, இரண்டு நிபுணர்கள் பார்த்தால் இந்த எல்லைக்கோட்டில் ஒத்துப்போகிறார்களா? திசு, அதைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகவோ 72 மணி நேரத்துக்கு அதிகமாகவோ கிடந்தால் சாயம் மாறிவிடுகிறதா? அறுவை அறையிலிருந்து லேப்புக்கு வரத் தாமதமானால்? மார்பில் 0 என்று வந்த கட்டி, கல்லீரலுக்குப் பரவிய இடத்தில் 1+ ஆக இருந்தால் எதை நம்புவது? இந்தக் கேள்விகள் தினமும் ஸ்லைடு பார்க்கிற ஆளுக்குத்தான் முதலில் தோன்றும். பதில் தேடத் தேவையான பொருளும் அவர் துறையிலேயே இருக்கிறது. மெழுகில் பொதிந்த திசுக் கட்டைகள் பல வருடங்களாக அலமாரியில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கினால், பழைய கட்டையிலிருந்து மூன்று நான்கு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) தடிமனுக்கு மறுபடி சீவலாம். அந்த நோயாளிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்ற பதிவோடு ஒப்பிடலாம். எலிகளோடும் செல் வளர்ப்புத் தட்டுகளோடும் இருக்கிற விஞ்ஞானிக்கு இது எளிதில் கிடைக்காது. அவர் உங்கள் மகளைப் போன்றவர்களைத் தேடித்தான் வருவார்.

வரலாறும் இவள் பக்கம்தான். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து கொடுத்து, கொஞ்ச காலத்துக்காவது நோயை அடக்க முடியும் என்று 1948-இல் காட்டிய சிட்னி ஃபார்பர் ஒரு பெத்தாலஜிஸ்ட். பீட்டர் நோவெல்லும் அப்படித்தான். ரத்தப் புற்றுநோய் செல்கள் இருந்த ஸ்லைடை அவர் சாதாரணக் குழாய் நீரில் அலசப்போய், செல்கள் உப்பி, மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்கள் பிரிந்து தெரிந்தன. அந்த ஆர்வத்தில் டேவிட் ஹங்கர்ஃபோர்டுடன் சேர்ந்து 1960-இல் அவர் கண்டறிந்து அறிவித்ததுதான், ஒருவகை ரத்தப் புற்றுநோயில் காணும் ஃபிலடெல்ஃபியா குரோமோசோம் என்ற மாறுபட்ட குரோமோசோம். ஒன்பதாவது, இருபத்திரண்டாவது குரோமோசோம்களுக்கு இடையே நடக்கும் துண்டுப் பரிமாற்றம் அது என்று ஜேனட் ரவுலி 1973-இல் காட்டினார். அதன் விளைவைத் தடுக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001-இல் ஒப்புதல் பெற்றது. ஸ்லைடு அலசியதிலிருந்து மாத்திரைவரை நாற்பது வருடம். அவசரக்காரர்களுக்கு இந்தத் துறை ஒத்துவராது என்பதையும் இதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்து இந்த வேலையைத் தின்றுவிடும் என்று பெரியப்பா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2016-இல் ஜெஃப்ரி ஹின்டன் என்ற பெரிய கணினி விஞ்ஞானி, இனி இந்தத் துறைக்கு ஆட்களைப் பயிற்றுவிப்பதையே நிறுத்திவிடலாம் என்றார். அவர் சொன்னது எந்தத் துறையைத் தெரியுமா? பெரியப்பா சிபாரிசு செய்கிற ரேடியாலஜியை! அதுவும் இன்றுவரை நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்லைடுகளை ஸ்கேன் செய்து மென்பொருள் கொண்டு பார்ப்பது பரவிவருவது உண்மைதான். அந்த மென்பொருளுக்கு எது கட்டி, எது வெறும் அழற்சி என்று கற்றுக்கொடுக்கவும், அது தப்பு செய்கிற இடத்தைப் பிடிக்கவும் கட்டி தெரிந்த ஆள் வேண்டும். எனவே மகள் புள்ளியியலும் கொஞ்சம் நிரல் எழுதவும் இப்போதே பழகட்டும்.

கசப்பான விஷயங்களும் உண்டு. நோயாளி வந்து கையைப் பிடித்து நன்றி சொல்லமாட்டார், அவருக்கு இவள் பெயரே தெரியாது. ஆராய்ச்சியில் இருப்பவர்களின் வருமானம் தனியார் லேப்பில் ஸ்லைடுகளைப் பார்த்துத் தள்ளுபவர்களைவிடக் குறைவாகவே இருக்கும். நாட்டுக்கு நாடு மாறினாலும் பெத்தாலஜி முதுநிலைக்கு மூன்று முதல் ஐந்து வருடம், அப்புறம் புற்றுநோய்த் திசுவியலில் ஓரிரு வருடச் சிறப்புப் பயிற்சி, முனைவர் பட்டம் வேண்டுமென்றால் இன்னும் சில வருடம் ஆகும். நோயாளிகளோடு பேசிப் பழகுவதில்தான் மகளுக்குச் சந்தோஷம் என்றால் நானே வேண்டாம் என்பேன். ஆனால் மூன்றாம் வருடத்திலிருந்து மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்திருக்காத பெண் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அவளை வேறெங்கோ தள்ளிவிட்டு, அங்கே அவள் சுமாராக இருப்பதைப் பார்க்கவா ஆசை?

பண விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். வீட்டை அடகு வைத்து எந்த முதுநிலை இடத்தையும் வாங்காதீர்கள். பெத்தாலஜிக்கும் வாங்காதீர்கள், ரேடியாலஜிக்கும் வாங்காதீர்கள். கடனோடு வெளியே வருகிற ஆள் ஆராய்ச்சிக்குப் போகமுடியாது, முதலில் வட்டி கட்ட வேண்டியிருக்கும். முனைவர் பட்டம் உதவித்தொகையோடு கிடைத்தால் மட்டும் சேரட்டும். கையிலிருந்து பணம் கட்டிச் செய்கிற ஆராய்ச்சி வேண்டவே வேண்டாம். 'வெளிநாட்டு அனுபவம்' என்ற பெயரில் கட்டணம் வாங்கிக்கொண்டு சில வாரம் பார்வையாளராக உட்காரவைக்கும் திட்டங்களுக்கும் இதே பதில்தான்.

இடம் தேர்ந்தெடுக்கும் முன் மகள் நேரில் போய், அங்கே படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களிடம் மூன்று விஷயம் கேட்கட்டும். புற்றுநோய் நோயாளிகள் பற்றி எல்லாத் துறை மருத்துவர்களும் கூடிப் பேசும் கூட்டத்தில் பெத்தாலஜி மாணவர்களும் உட்காருகிறார்களா? கட்டியின் மரபணு மாற்றங்களைப் பார்க்கும் மூலக்கூறு பரிசோதனைகள் உள்ளேயே நடக்கின்றனவா, வெளியே அனுப்பப்படுகின்றனவா? ஆய்வில் வேலை செய்த மாணவரின் பெயர் கட்டுரையில் வருகிறதா, துறைத் தலைவர் பெயர் மட்டும்தானா? இரண்டுக்கு மழுப்பலான பதில் வந்தால், எவ்வளவு பெயர் பெற்ற கல்லூரியாக இருந்தாலும் பட்டியலில் அடுத்ததைப் பார்க்கட்டும்.