ஒட்டடைக் கம்பை வைத்துவிட்டு மேல் வீட்டுக்குப் போங்கள்

கேள்வி: மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். வீட்டுக் கடன் இன்னும் அடையவில்லை. போன ஜூனில் மூன்றாவது மாடிக்கு ஒரு குடும்பம் வாடகைக்கு வந்தது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள், இரண்டு சின்னப் பிள்ளைகள். ராத்திரி 11 மணிக்குக் கிரைண்டர் ஓடுகிறது. நாற்காலியைத் தரதரவென்று இழுக்கிறார்கள். பிள்ளைகள் ஹாலில் ஓடுகிறார்கள். சனிக்கிழமை நண்பர்கள் வந்தால் நள்ளிரவு ஒரு மணி வரை வூஃபரில் பாட்டு. என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பொறுக்க முடியாமல் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். ‘குழந்தைகள் இருக்கும் வீடு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்று பதில் வந்தது. அன்றிலிருந்து லிஃப்டில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். என் கணவர் ஒட்டடைக் கம்பால் மேலே தட்டுகிறார், தட்டினால் சத்தம் கூடுகிறது. ‘அக்கம்பக்கத்துப் பகை வேண்டாம், பொறுத்துப் போ’ என்கிறார் மாமியார். போலீசுக்குப் போகலாமா, வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, தூக்கம் கெட்டுப்போன வீட்டில் எல்லோருக்கும் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். நீங்கள் கேட்பது சின்ன விஷயமே இல்லை. ஆனால், உங்கள் கடிதத்தில் நான்கு சத்தங்கள் இருக்கின்றன. நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். முதலில் அதைப் பிரியுங்கள். பிள்ளைகள் ஓடுவது, நாற்காலி, கிரைண்டர் மூன்றும் ஒரு குடும்பம் பிழைப்பதால் வரும் சத்தம். அதற்குப் பேச்சும் கொஞ்சம் ரப்பரும் போதும். நள்ளிரவு வூஃபர் வேறு. அது அடுத்தவரைப் பற்றிய நினைப்பே இல்லாததால் வரும் சத்தம். இரண்டையும் சேர்த்துச் சொன்னதால்தான் ‘குழந்தைகள் இருக்கும் வீடு’ என்ற ஒரே பதிலில் எல்லாவற்றையும் தள்ளிவிட முடிந்தது.

மேல் வீட்டுக்காரர்களுக்குத் தங்கள் சத்தம் எப்படிக் கேட்கிறது என்று அனேகமாகத் தெரியாது. நம் ஊர் அடுக்குமாடிகளில் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது சில அங்குலக் கான்கிரீட்டும் அதன்மேல் டைல்ஸும்தான். அதிர்வை உள்வாங்க மெத்தென்று எதுவும் கிடையாது. மேலே நாற்காலியை இழுப்பவருக்கு அது லேசான கீச்சுச் சத்தம். கீழே இருக்கும் உங்களுக்கோ கூரை முழுவதும் சேர்ந்து அதிர்ந்து, தகர டப்பாவுக்குள் தலையை விட்டதுபோல் இருக்கும். அதனால், நீங்கள் ‘தாங்க முடியவில்லை’ என்று எழுதியதும் அவர்கள் அதை மிகைப்படுத்தல் என்றே நினைத்திருப்பார்கள். அதுவும் குடியிருப்பே படிக்கிற குரூப்பில். அந்தப் பெண்ணுக்கு அது புகாராகத் தெரிந்திருக்காது, எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டதாகத்தான் தெரிந்திருக்கும்.

ஆகவே நேரில் போங்கள். சத்தம் வரும் நேரத்தில் வேண்டாம். அப்போது உங்கள் குரலும் சரியாக இருக்காது, அவர்களும் கதவைத் திறக்கும்போதே சண்டைக்குத் தயாராக இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து, பதினொரு மணிக்கு, மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கணவர் இந்த முறை வீட்டிலேயே இருக்கட்டும். குரூப்பில் எழுதியதைப் பற்றி ஒரு வரி போதும்: ‘நேரில் வந்து சொல்லியிருக்கலாம், அங்கே போட்டது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கு.’ அப்புறம் நேராக விஷயத்துக்கு வந்து, ஒரு வேண்டுகோள் வையுங்கள். ‘ஒரு அஞ்சு நிமிஷம் எங்க வீட்டு ஹாலில் வந்து உட்காருங்க. உங்க வீட்டுக்காரரை மேலே நாற்காலியை நகர்த்தச் சொல்லுங்க, பிள்ளைகளை ஓடச் சொல்லுங்க, கிரைண்டரையும் போடச் சொல்லுங்க.’ இதைச் செய்த பிறகு நிலைமை மாறிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். எத்தனை வார்த்தை சொன்னாலும் புரியாதது, தன் வீட்டு நாற்காலி தன் தலைக்கு மேல் இழுபடும்போது சட்டென்று புரியும்.

வழியையும் நீங்களே கையோடு கொண்டுபோங்கள். நாற்காலி, மேஜைக் கால்களுக்குப் போடும் ரப்பர் புஷ் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். ஒரு பை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ‘நாங்கள் ஏன் செலவு செய்ய வேண்டும்’ என்று உங்கள் கணவர் கேட்பார். பரவாயில்லை, நாற்காலிச் சத்தம் அத்தோடு பாதிக்கு மேல் அடங்கிவிடும். கிரைண்டர் விஷயத்தில் அந்தப் பெண்ணின் நேரத்தையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அலுவலகத்திலிருந்து வந்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, படுக்கவைத்த பிறகுதான் அவருக்கு மாவரைக்க நேரம் கிடைக்கிறது. ஞாயிறு காலையில் வாரத்துக்கும் சேர்த்து அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் அடியில் தடிமனான ரப்பர் விரிப்பைப் போட்டு, சுவரை ஒட்டாமல் தள்ளி வைத்தாலே அதிர்வு குறையும். பிள்ளைகளை ஓடக்கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள். சின்னப் பிள்ளைகள் ஓடத்தான் செய்வார்கள், ஓடவும் வேண்டும். ஹாலில் ஃபோம் விரிப்பு போடச் சொல்லலாம், ஒன்பதரைக்கு மேல் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லலாம். மார்ச்சில் பொதுத்தேர்வு முடியும் வரையாவது என்று உங்கள் மகளே கேட்டால் மறுப்பது கடினம்.

இனி வூஃபர். இதில் தயங்காதீர்கள். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. தனியார் இடத்தில் ஓடும் ஒலிக்கருவியின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் அந்த வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. சத்தம் எழுப்புவது என் உரிமை என்று யாரும் சொல்ல முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2005-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. பிறந்தநாளோ கிரிக்கெட் வெற்றியோ, பத்து மணிக்கு மேல் வூஃபர் அதிரக் கூடாது. நேரில் போகும்போது இதை ஒரே ஒரு முறை, மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்: ‘மற்றதெல்லாம் பேசி முடிச்சுக்கலாம், பத்து மணிக்கு மேல் வூஃபர் மட்டும் வேண்டாம்.’

கேட்காவிட்டால்? தேதி, நேரம், என்ன சத்தம் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். செல்போன் டெசிபல் செயலியில் தெரியும் எண்ணை யாரும் அளவாக ஏற்க மாட்டார்கள், ஆனாலும் வீடியோவில் கடிகாரத்தோடு பதிவு செய்வது பேச உதவும். சங்கத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மேல் வீட்டார் வாடகைக்கு இருப்பவர்கள் என்பதால் வீட்டு உரிமையாளருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்ற ஷரத்து பல வாடகை ஒப்பந்தங்களில் இருக்கும், ஓனர் சொன்னால் பலர் கேட்பார்கள். எதிர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் அந்தப் பாட்டு கேட்கிறதா என்று விசாரியுங்கள். அவர்களும் கையெழுத்துப் போட்டால் புகாரின் கனமே வேறு. பொதுத் தொல்லை என்ற குற்றம் சுற்றி வசிக்கும் மக்களுக்கு ஏற்படும் தொந்தரவைப் பற்றியது, ஒரே வீட்டின் மனத்தாங்கலாகத் தெரிந்தால் ஸ்டேஷனில் சமாதானம் பேசி அனுப்பிவிடுவார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு சனிக்கிழமை ராத்திரி 12 மணிக்கு அதிர்ந்தால், அந்த நேரத்திலேயே 100-க்கோ 112-க்கோ அழையுங்கள். மறுநாள் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பொதுத் தொல்லைக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 292-ஆம் பிரிவில் அபராதம் 1,000 ரூபாய் வரைதான். அந்தப் பணத்துக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். ஆனால், போலீஸ் ஒருமுறை கதவைத் தட்டிப் பேசிவிட்டுப் போனால் பெரும்பாலானவர்கள் அடங்கிவிடுவார்கள். போலீஸை இறுதியில் வைக்கச் சொல்வது பயத்தினால் அல்ல. அவர்கள் போன பிறகும் அதே லிஃப்டில்தான் நீங்கள் இரு குடும்பமும் ஏறி இறங்க வேண்டும்.

மாமியார் சொல்வதில் அன்பு இருக்கிறது, ஆனால் உங்கள் வீட்டில் பொறுத்துப் போனதன் பலன் ஒட்டடைக் கம்பில் வந்து நிற்கிறது. வாயைத் திறக்காமல் பொறுக்கப் பொறுக்க, சத்தம் வராத இரவிலும் ‘இதோ இப்போது வரும்’ என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பீர்கள். பேசிவிட்ட பிறகு அதே நாற்காலிச் சத்தம் பலருக்கு இவ்வளவு பெரிதாகப் படுவதில்லை. கணவரிடம் கம்பை விடச் சொல்லுங்கள். தட்டுவது பேச்சு ஆகாது, எதிர்ப்பக்கத்தில் அதைச் சவாலாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதுவரை மகளின் படிப்பு மேஜையை ஹாலுக்குக் கீழே வராத அறைக்கு மாற்றிவிடுங்கள். காதுக்கு வைக்கும் பஞ்சு உருண்டைகள் பாட்டையும் பேச்சையும் குறைக்கும், தொம்மென்று விழும் அதிர்வுக்கு அவ்வளவாக உதவாது. சாதாரண ஃபால்ஸ் சீலிங் போட்டுப் பணத்தை விரயமாக்காதீர்கள், அதுவும் அந்த அதிர்வைத் தடுக்காது.

வீட்டை விற்பதா? இப்போது வேண்டாம். வாடகைக்காரர்கள் பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், அடுத்த ஜூனில் அவர்களே மாறிவிடக்கூடும். நீங்களோ கடனை முடித்து, வேறு பழைய ஃபிளாட் வாங்கினால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மட்டுமே 9 சதவீதம் வரும். அப்படியும் ஒருநாள் மாற நேர்ந்தால் வீட்டைப் பகலில் பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒருமுறை போய், படுக்கையறையில் கால் மணி நேரம் நின்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.