அத்தை வீட்டில் ஒரு வெளிநாட்டான்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பர்மாவில் தட்டோன் பக்கம். இந்த வருடம் கிரேட் 12 பாஸ் பண்ணிவிட்டேன், இரண்டு பாடத்தில் டிஸ்டிங்ஷன். கம்ப்யூட்டர் படிக்க ஆசை. வெளியே போய்ப் படி என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்பா சென்னைக்குத்தான் அனுப்புவேன் என்கிறார். “நம்ம ஊரு, நம்ம பாஷை, அத்தை வீடு இருக்கு, ஒரு பிரச்சினையும் இல்ல” என்கிறார். என் பள்ளித் தோழி ஜிஇடி என்ற அமெரிக்கப் பள்ளிச் சமநிலைத் தேர்வை எழுதிவிட்டுத் தாய்லாந்தில் சியாங்மாய் போகிறாள். யாங்கோனில் ஒரு ஏஜென்ட், மலேசியா போ, பார்ட் டைம் வேலை பார்த்தே ஃபீஸ் கட்டிவிடலாம் என்கிறார். எனக்குக் குழப்பமாக இருக்கிறது. தமிழ் பேசும் இடத்துக்குப் போனால் பயம் இருக்காது என்று தோன்றுகிறது. எங்கே போகலாம் என்று சொல்லுங்கள். நீங்கள் ஏன் அந்தக் காலத்தில் வெளியே போய்ப் படிக்கவில்லை என்றும் கேட்க ஆசை.

இப்படிக்கு,
உங்கள் வாசகி

அன்புள்ள மகளுக்கு,

முதலில் திட்டிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். உன் கடிதம் தமிழ்தான், ஆனால் எழுத்து பர்மிய எழுத்து. மேலே இருப்பது நான் உட்கார்ந்து பெயர்த்து எழுதியது. ல, ள, ழ மூன்றுக்கும் நீ ஒரே எழுத்தைப் போட்டிருப்பதால், உன்னுடைய ‘பல்லித் தோழி’ சியாங்மாய் போகிறாள் என்று படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயரை எடுத்துவிட்டேன். இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டேன். ஏன் என்று உனக்கும் தெரியும், உன் அண்ணனுக்கும் தெரியும்.

தமிழ் எழுதத் தெரியாதது உன் குற்றமில்லை. 1965இல் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு தமிழ் வகுப்பு கோயில் மண்டபத்துக்கு ஒதுங்கியது. கோடை விடுமுறையில் கூப்பிட்டால் நாலு பிள்ளைகள் வரும், சுண்டல் முடிந்ததும் மூன்று போய்விடும். நானே அங்கே சொல்லிக்கொடுத்தவன், எனக்குத் தெரியாதா? ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மொழியை நம்பி, அது பேசப்படும் ஊரில் எனக்குப் பயமில்லை என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கம்ப்யூட்டர் பாடத்தை அங்கே தமிழிலா நடத்தப்போகிறார்கள்? வகுப்பு ஆங்கிலம், பரீட்சை ஆங்கிலம். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயர் தமிழ். அதைத்தான் உன்னால் படிக்க முடியாது.

ஏஜென்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலேசியாவில் வெளிநாட்டு மாணவர் செமஸ்டர் விடுமுறையில்தான் வேலை பார்க்கலாம், அதுவும் வாரம் 20 மணி நேரம், அதுவும் உணவகம், பெட்ரோல் நிலையம் போன்ற சில இடங்களில். இதில் ஃபீஸ் கட்டலாம் என்று சொல்கிறவர் உன் அப்பாவிடம் இன்னும் என்னென்ன சொல்லியிருப்பாரோ. இந்தியாவில் மாணவர் விசாவோடு சம்பள வேலை கிடையாது. சியாங்மாய் போகிற பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். நாலு பாடத் தேர்வு எழுதி, என்ன வேண்டுமென்று விசாரித்து, தான் அந்நியள் என்று தெரிந்து போகிறாள்.

உன் அப்பா சொன்ன ‘நம்ம ஊரு’தான் எனக்கு விஷயம். இதை நான் பல வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன். நீ கேட்ட கடைசிக் கேள்வியும் அதில்தான் வந்து சேர்கிறது.

1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது என் அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த அக்கா, புருஷன் பிள்ளைகளோடு கப்பலேறி மெட்ராஸ் போனார். அந்தச் சில வருடங்களில் 3 லட்சம் பேர் போனார்கள் என்கிறார்கள். அப்பா போகவில்லை. பெகுவில் தையல் மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் வாழ்நாள் முழுக்க ஒரே பேச்சு: “பையனை மெட்ராசுக்கு அனுப்பிடணும், அக்கா வீட்டுல இருந்து படிக்கட்டும்.” அதற்காகப் பணம் சேர்த்தார். வங்கியில் அல்ல, ஓவல்டின் டப்பாவில். 1985 நவம்பரில் நூறு கியாட் நோட்டு செல்லாதென்று ஆனபோது கொஞ்சம் போயிற்று. மிச்சத்தை மாற்றி, புதிதாக வந்த 75 கியாட் நோட்டாக அடுக்கினார். தலைவர் நெ வின்னுக்கு 75 வயது ஆனதற்காக அடித்த நோட்டு என்று ஊரில் பேச்சு. தலைவரின் வயதையே அச்சடித்திருக்கிறார்கள், இதையா செல்லாது என்பார்கள் என்பது அப்பாவின் கணக்கு.

1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. ரேடியோவில் சொன்னார்கள்: 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது. இந்த முறை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. நாட்டில் புழங்கிய பணத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு அறிவிப்பில் காகிதமாயிற்று. அப்பா அரைகுறையாக நின்ற ஒரு சட்டையின் காலரைத் தைத்து முடித்தார். பிறகு டப்பாவைத் திறந்து நோட்டுகளை எண்ணினார். 64. திரும்பவும் எண்ணினார். 64தான். அம்மா அடுப்படியிலிருந்து, “எண்ணினா கூடுமா?” என்றார். அவர் பதில் சொல்லவில்லை. மூன்றாம் தடவை எண்ணும்போது எச்சில் தொட்டு எண்ணினார், நல்ல நோட்டை எண்ணுவதுபோல.

அதற்கு அடுத்த வருடம் 88, நாடே கிளர்ந்தெழுந்த வருடம். பல்கலைக்கழகங்களை மூடினார்கள், திறந்தார்கள், மூடினார்கள். நான் படித்ததாகச் சொல்லிக்கொள்ளும் பட்டத்தில் படித்த மாதங்கள் குறைவு, கதவு திறக்குமா என்று காத்திருந்த மாதங்கள் அதிகம். எனக்குப் பின்னால் வந்தவர்கள் நிலை இன்னும் மோசம். 1996 டிசம்பரில் பூட்டியது சரியாகத் திறக்க 2000 ஆயிற்று. அதனால் உன்னை ‘இங்கேயே இரு, மண்ணை விடாதே’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. போ. போகாதே என்று ஒரு சொல்கூட நான் எழுதவில்லை என்பதைக் குறித்துக்கொள்.

நெடுங்காலம் நான் அந்த 64 நோட்டைத்தான் குற்றவாளியாக நினைத்திருந்தேன். அது செல்லுபடியாகியிருந்தால் நான் மெட்ராசில் படித்திருப்பேன் என்று. 2017இல் அத்தை பேத்தியின் கல்யாணத்துக்கு முதல்முறையாகச் சென்னை போனேன். வியாசர்பாடி வீடு. அத்தைக்கு எண்பத்து மூன்று வயது. என்னைத் தடவித் தடவிப் பார்த்தார். அப்பாவின் காது எனக்கு இருப்பதாகச் சொன்னார். சாயங்காலம் அந்த வீட்டுப் பையன், கல்லூரியில் படிக்கிறவன், என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தான். இந்தியாவில் வெளிநாட்டவர் யாரையாவது வீட்டில் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்கும் படிவம் போட வேண்டும், அப்போது அதற்கு ‘சி ஃபார்ம்’ என்று பெயர். ஹோட்டல்காரர் மட்டுமல்ல, வீட்டுக்காரரும்தான்.

பையன் ஒவ்வொன்றாகக் கேட்டான். நிரந்தர முகவரி எந்த நாட்டில்? எங்கிருந்து வந்தீர்கள்? இங்கிருந்து அடுத்து எங்கே போகிறீர்கள்? இந்தியாவில் வேலை பார்க்கிறீர்களா? அத்தை கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

“யாரைடா எழுதுற?”

“ஃபாரினர் வந்திருக்காங்கன்னு எழுதணும் பாட்டி.”

“எந்த ஃபாரினர்?”

“மாமாதான்.”

“அவன் என் தம்பி மவன்டா.”

“அதுக்கு இதுல கட்டம் இல்ல பாட்டி. நாடு மியான்மர்னு போட்டிருக்கேன்.”

“மியான்மரா? நாங்க பர்மாவுலதானே இருந்தோம்?”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ராத்திரி படுத்தபிறகு தூக்கம் வரவில்லை. பையன் மேல் தப்பே இல்லை, எந்த நாட்டிலும் இப்படி ஒரு காகிதம் இருக்கும். என்னை உறுத்தியது வேறு. அப்பா இருபது வருடம் பணம் சேர்த்தாரே, ஒரே ஒரு கடிதம் எழுதி விசாரித்தாரா? பர்மா பாஸ்போர்ட்டில் வருகிற பையனைக் கல்லூரியில் எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள், என்ன ஃபீஸ், பர்மாப் பத்தாவதை அங்கே பன்னிரண்டுக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்களா? விசாரிக்கவில்லை. நம்ம ஊருக்குப் போக யார் விசாரிப்பார்கள்? மறுநாள் காலையில் அத்தையிடம் இதைச் சொன்னேன். அவர் பாக்கை மென்றுகொண்டே சொன்னார்: “அந்த வருசம் இந்தப் பத்தடி வீட்டுல ஒன்பது பேரு படுத்திருந்தோம். நீ வந்திருந்தா உன்னை எங்கடா படுக்க வெச்சிருப்பேன்? உங்கப்பன் கேட்டிருந்தா வராதேன்னு எழுதியிருப்பேன்.”

முப்பது வருடம் நான் அந்த நோட்டுகளைத் திட்டியிருக்கிறேன். கேட்டிருந்தால் ஒரு தபால்தலையில் முடிந்திருக்கும்.

ஆகவே மகளே, உன் அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே, ஆனால் அவர் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளவும் செய்யாதே. நீ சென்னை போனால் சட்டத்தின் கண்ணில் ஒரு சர்வதேச மாணவி. வெளிநாட்டு மாணவருக்கான ஃபீஸ், வெளிநாட்டு மாணவருக்கான விசா. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் இறங்கிய 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓ என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு, அதற்கு நீ அங்கே படிக்கிறாய் என்று கல்லூரி தரும் போனஃபைட் சான்றிதழ். உன் கிரேட் 12 அங்கே செல்லும் என்பதற்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் தரும் சமநிலைச் சான்றிதழைக் கல்லூரி கேட்கலாம். சேரும் முன்பே எழுதிக் கேள், சேர்ந்தபிறகு அல்ல. உதவித்தொகை என்றால் இந்திய அரசின் கலாச்சார உறவுக் கழகமான ஐசிசிஆர் இருக்கிறது, அதற்கும் நீ வெளிநாட்டு மாணவியாகத்தான் விண்ணப்பிப்பாய். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வாங்கிவிட்டால் சுலபம் என்று யாராவது சொல்வார்கள். பாட்டனோ பூட்டனோ இந்தியாவைச் சேர்ந்தவர் என்பதற்குக் காகிதம் காட்ட வேண்டும். உங்கள் வீட்டில் இருக்கிறதா? எங்கள் வீட்டில் பூட்டனின் ஒரு வெற்றிலைப் பெட்டி இருக்கிறது.

உன் அத்தையும் உனக்காக அந்தப் படிவம் போடுவார். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடு. அன்றைக்குத்தான் தெரிந்தால் அவருக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம். இன்னொன்று, நாலு வருடம் உறவினர் வீட்டில் தங்குவது பெரிய காரியம். ஹாஸ்டல் கட்டணத்தையும் கேட்டு வை.

பணத்தைக் கியாட்டில் கணக்குப் போடாதே. அரசு சொல்லும் 2,100 கியாட் டாலர் ஒன்று, நீ கையில் வாங்கப்போகும் டாலர் இன்னொன்று. முதல் வருட ஃபீஸை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பி, இரண்டாம் வருடம் திரும்பி வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். கடைசி வருடம் வரைக்கும் எழுதிப் பார், அதையும் அப்பாவின் முன்னால் உட்கார்ந்து எழுது. டப்பாவுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் அப்பாக்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

வெளிநாடு என்று தெரிந்துபோனால் சென்னையிலும் நன்றாகப் படிக்கலாம். வேற்று மனுஷி என்று நினைத்துக்கொண்டால் பதினைந்து நாளில் பழகிவிடும், சொந்தக்காரி என்று நினைத்துக்கொண்டு போனால் கல்லூரி வாசலில் “நீங்க எந்த நாடு?” என்று கேட்கிற முதல் ஆளே போதும், அழுகை வந்துவிடும். “பர்மாவா? அத்தோ சாப்பிடுவீங்களா?” என்றும் கேட்பார்கள். சாப்பிடுவோம் என்று சொல். நாம் சாப்பிடும் நூடுல்ஸுக்கும் அத்தோ என்று பீச் ரோட்டில் அவர்கள் விற்பதற்கும் சம்பந்தமில்லை என்பதை நாலாம் வருடம் சொல்லிக்கொள்ளலாம்.

இவ்வளவு எழுதியும் எங்கே போகலாம் என்ற உன் கேள்வி அப்படியே நிற்கிறது என்று தெரிகிறது. எனக்குக் கம்ப்யூட்டர் படிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. எந்தக் கல்லூரி நல்லது என்று சொன்னால் அது நான் ஏஜென்ட் வேலை பார்ப்பதாகிவிடும். சென்னையில் இரண்டு கல்லூரி, சியாங்மாயில் ஒன்று, மூன்றின் தளத்திலும் ‘சர்வதேச மாணவர்’ என்ற பக்கத்தைத் திற. ஃபீஸ், என்னென்ன சான்றிதழ், கடைசித் தேதி, மூன்றையும் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. சேர்ந்து பார்ப்போம்.

அதைத் தமிழ் எழுத்தில் எழுது. பல்லி இருந்தாலும் பரவாயில்லை.