மேக் கணினியில் லிப்ரே ஆபீஸை ஆப் ஸ்டோர் பதிப்புக்கு மாற்றினால் பழைய கோப்புகள் திறக்குமா? காசு கொடுத்து மாறுவது தேவையா?

திறக்கும். கடிதம், கணக்குத் தாள், படக்காட்சி எல்லாம் முன்பு போலவே திறக்கும். ஆனால் லிப்ரே ஆபீஸின் தரவுத்தளப் பகுதியான பேஸில் உருவாக்கிய தரவுத்தளம் ஏதாவது உங்களிடம் இருந்தால், பழையதைக் குப்பைத் தொட்டிக்கு இழுக்கும் முன் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். "இரண்டும் ஒன்றுதான், தாராளமாக மாறுங்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறவர்கள் பெரும்பாலும் பேஸைத் திறந்தே பார்த்திராதவர்கள்.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. இணையதளத்திலிருந்து இறக்கிய பதிப்பை வைத்திருக்கிறீர்கள். புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று அது அறிவிப்பு காட்டிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பெரிய கோப்பு ஒன்றை இறக்கி, அப்ளிகேஷன்ஸ் கோப்புறைக்குள் இழுத்துப் போட்டு, தமிழில் பட்டியல்கள் தெரிய வேண்டுமென்றால் மொழிப்பொதியையும் தனியாக நிறுவ வேண்டும். உள்ளே இருக்கும் சில்லு எது, இன்டெல் மேக்கா, ஆப்பிள் சிலிக்கான் மேக்கா என்று பார்த்து இறக்க வேண்டும். இது எல்லாருக்கும் அலுப்புத் தருகிற வேலைதான். ஆப் ஸ்டோரில் வாங்கிவிட்டால் புதுப்பிப்புகள் தாமாக வந்துவிடும். அந்த ஆசையில் தப்பு ஒன்றும் இல்லை.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் பலருக்குக் கோபம் வருகிறது. லிப்ரே ஆபீஸ் 2010-இல் ஓப்பன் ஆபீஸ் என்ற இன்னொரு கட்டற்ற அலுவலக மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. அதை நடத்தும் தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் பெர்லினில் பதிவு செய்யப்பட்ட ஓர் அறக்கட்டளை. அவர்கள் 2022 செப்டம்பரில் மேக் ஆப் ஸ்டோரில் தங்கள் பெயரிலேயே லிப்ரே ஆபீஸை வெளியிட்டு 8.99 யூரோ விலை வைத்தார்கள். அதற்கு முன் கொலாபொரா நிறுவனம் அதே கடையில் ஒரு பதிப்பை வைத்திருந்தது. இணையதளத்தில் இலவசப் பதிப்பு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளை விலைக்கு விற்கக் கூடாது என்று உரிமத்தில் எங்கும் இல்லை. "இலவசமாகக் கிடைப்பதற்குக் காசு கொடுப்பவன் ஏமாளி" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. வீட்டில் இருக்கும் என் மடிக்கணினியில் நான் காசு கொடுத்து வாங்கிய பதிப்புதான் இருக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு என் எழுத்து வேலை முழுவதையும் அதில்தான் செய்கிறேன். சந்தா இல்லை, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியதில்லை. நான் ஏமாறவில்லை.

இனி முக்கியமான வித்தியாசம். ஆப் ஸ்டோர் பதிப்பில் ஜாவா கிடையாது. ஜாவா என்பது ஒரு நிரல்மொழி, அதில் எழுதியவை ஓட அதற்கான மென்பொருள் கணினியில் தனியாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வேறொரு மென்பொருளைச் சார்ந்திருக்கும் செயலியை அந்தக் கடை அனுமதிப்பதில்லை. ஜாவாவும் அப்படிப்பட்ட ஒரு சார்புதான். விலையை அறிவித்த அன்றே இதையும், இதனால் பேஸின் வசதிகள் குறையும் என்பதையும் அறக்கட்டளை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. கடிதம் எழுதும் ரைட்டரிலும் கணக்குத் தாளான கால்க்கிலும் அன்றாட வேலை செய்பவருக்கு ஜாவா இருப்பதும் தெரியாது, இல்லாததும் தெரியாது. பேஸ் அப்படியல்ல. பலரும் வைத்திருக்கும் பழைய பேஸ் கோப்புகளுக்குள் எச்எஸ்க்யூஎல்டிபி என்ற தரவுத்தள இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. அது ஜாவாவில் எழுதப்பட்டது. ஜாவா இல்லையென்றால் அந்தக் கோப்பின் அட்டவணைகளுக்குள் போக முடியாது. அறிக்கை தயாரிக்கும் கருவிக்கும் ஜாவா வேண்டும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், எங்கள் படிப்பகத்தின் கதையால்தான்.

காரைக்குடிப் பக்கம் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு படிப்பகம் நடத்துகிறோம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உறுப்பினர் மகன் ஒருவர், தான் பயன்படுத்திய மேக் மினியை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் லிப்ரே ஆபீஸைப் போட்டு, பேஸில் நூல் பட்டியலை உருவாக்கினேன். நூல் எண், தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், எந்த அலமாரி, யாரிடம் இருக்கிறது, எப்போது திரும்ப வேண்டும் என்று எல்லாம் உண்டு. வங்கியில் பேரேடு எழுதிப் பழகிய கை என்பதால் அந்தப் பட்டியலில் ஒரு பதிவுகூட அரைகுறையாக இருக்காது. இதைப் பெருமைக்காகவே சொல்கிறேன்.

நான் ஊரில் இல்லாதபோது கணினி மெதுவாக இருக்கிறது என்று செயலாளர் பழுதுபார்க்கும் கடையிலிருந்து ஒரு பையனை வரவழைத்தார். அந்தத் தம்பி கணினியைத் துடைத்து, தேவையில்லாதவற்றை நீக்கி, "இணையத்திலிருந்து இறக்கிய செயலிகள் ஆபத்து சார், எல்லாவற்றையும் ஸ்டோரிலிருந்து போட்டுவிடுகிறேன்" என்று சொல்லி, லிப்ரே ஆபீஸையும் நீக்கி, ஸ்டோர் பதிப்பை வாங்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். 'ஆபத்து' என்று யார் சொன்னாலும் உடனே கையெழுத்துப் போடுவார்.

நான் திரும்பி வந்து நூல் பட்டியலைத் திறந்தேன். பேஸின் சாளரம் திறந்தது. அட்டவணைகளைச் சொடுக்கினால் ஜாவா இயக்கச் சூழல் வேண்டும் என்று செய்தி வந்தது. அந்தத் தம்பியை மறுபடி கூப்பிட்டோம். அவர் ஜாவாவை இறக்கி நிறுவினார், பலன் இல்லை. வேறொரு பதிப்பை நிறுவினார், அப்போதும் இல்லை. நியாயம்தானே, கணினியில் எத்தனை ஜாவா இருந்தாலும் அந்தச் செயலி அதைப் பார்க்கப் போவதில்லை. கடைசியில் அவர் நிமிர்ந்து, "கோப்பு கெட்டுவிட்டது சார். தரவை மீட்டெடுக்க வேண்டும், அதற்குத் தனியாக ஆகும்" என்றார்.

"தம்பி, கோப்பு கெட்டிருந்தால் கெட்டிருக்கிறது என்று சொல்லும். இது ஜாவா வேண்டும் என்றல்லவா கேட்கிறது?" என்றேன். அவரிடம் பதில் இல்லை. செயலாளரோ தொகையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் முதலில் அந்தக் கோப்பை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டேன். பேஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதிதான். நகலின் பெயரில் கடைசிப் பகுதியை மாற்றி விரித்துப் பார்த்தால் உள்ளே எல்லாக் கோப்புகளும் இருந்தன. பிறகு ஸ்டோர் பதிப்பை நீக்கிவிட்டு, இணையதளப் பதிப்பை மறுபடி இறக்கிப் போட்டேன். மேக்கில் இதற்கு வெறும் ஜாவா இயக்கச் சூழல் போதாது, மேம்பாட்டுப் பொதியான ஜேடிகே வேண்டும். இன்டெல் மேக்குக்கு இன்டெல் ஜேடிகே, ஆப்பிள் சிலிக்கானுக்கு அதற்கான ஜேடிகே. மாற்றிப் போட்டால் லிப்ரே ஆபீஸ் கண்டுகொள்ளாது. சரியானதைப் போட்டுத் திறந்ததும் பட்டியல் அப்படியே வந்தது. ஒரு நூல்கூடக் குறையவில்லை.

பட்டியலைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். படிப்பகத்துக்கு நூல் நன்கொடை என்ற பெயரில் மூட்டை மூட்டையாக வருகிறது. பிரித்தால் பாடத்திட்டம் மாறிப்போன பத்தாம் வகுப்பு வழிகாட்டிகள், பாதி நிரப்பிய பயிற்சி ஏடுகள், எப்போதோ முடிந்துபோன வங்கித் தேர்வுக்கான வினா வங்கிகள். பழைய பேப்பர் கடையில் கிலோவுக்கு என்ன தருவார்கள் என்று விசாரித்துவிட்டு, அது கட்டுப்படியாகவில்லை என்றுதான் எங்களிடம் வருகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு ரசீது வேண்டும், பெயர்ப் பலகையில் பெயர் வேண்டும், ஆண்டு விழாவில் பொன்னாடை வேண்டும். 1948-லேயே விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் இது. அந்த ஊர்க்காரர்கள் நூலகத்தைக் குப்பைக் கூடையாக நினைக்கலாமா? யாராவது நல்ல நிலையில் இருக்கும் ஒரு நாவலைக் கொண்டுவந்து கொடுத்தால் நான் எழுந்து நின்று வாங்குகிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் பேஸ் கோப்பு எதுவும் இல்லை, மாறுவது என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஆவணங்கள் எங்கும் போகாது. அவை நீங்கள் சேமித்த இடத்திலேயே இருக்கும். ஆனால் நீங்கள் பழக்கி வைத்த அமைப்புகள் புதிய பதிப்புக்குத் தாமாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2012 ஜூன் முதல் மேக் ஆப் ஸ்டோரில் இருக்கும் செயலிகள் எல்லாம் மற்றவற்றின் கோப்புகளைத் தொட முடியாத தனி அடைப்புக்குள்தான் இயங்க வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. அதனால் ஸ்டோர் பதிப்பு தன் அமைப்புகளைக் கன்டெய்னர்ஸ் என்ற கோப்புறைக்குள் வைத்துக்கொள்கிறது. இணையதளப் பதிப்பு வைத்திருப்பது லைப்ரரி கோப்புறையில், அப்ளிகேஷன் சப்போர்ட்டுக்குள், லிப்ரே ஆபீஸ் என்ற பெயரில். புது வீட்டுக்குக் குடிபோகும்போது பழைய வீட்டுப் பரணை யாரும் தூக்கிக்கொண்டு வந்து தருவதில்லை, நாம்தான் ஏறி எடுக்க வேண்டும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை. பெயர்களையும் ஊர்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து வளர்த்த சொந்த அகராதி அந்தப் பழைய அமைப்புக் கோப்புறையில்தான் இருக்கிறது. தானியங்கித் திருத்தங்கள், கடிதத்தாள் வார்ப்புருக்கள், தமிழுக்கு எந்த எழுத்துரு என்ற அமைப்பு எல்லாமும் அங்கேதான். என் மடிக்கணினியில் மாறியபோது செய்தது இதுதான்: ஃபைண்டரில் 'கோ' பட்டியலை ஆப்ஷன் விசையை அழுத்தியபடி திறந்தால் லைப்ரரி தெரியும். பழைய கோப்புறைக்குள் 'யூசர்' என்று ஒன்று இருக்கும். அதற்குள் வேர்ட்புக் கோப்புறையில் சொந்த அகராதி, ஆட்டோகார் கோப்புறையில் திருத்தங்கள், டெம்ப்ளேட் கோப்புறையில் வார்ப்புருக்கள். முழு 'யூசர்' கோப்புறையையும் முதலில் வேறிடத்தில் நகலெடுங்கள். புதிய பதிப்பை ஒருமுறை திறந்து மூடிய பிறகு, தேவையானவற்றை மட்டும் அதன் அதே பெயர்க் கோப்புறைகளில் போடுங்கள். அகராதி வெறும் எழுத்துக் கோப்புதான், டெக்ஸ்ட் எடிட்டில் திறந்துகூடப் பார்க்கலாம். அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான தேர்வை இயக்கி, தமிழைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாமல் "தமிழ் எழுத்துரு மாறிவிட்டது, மென்பொருள் சரியில்லை" என்று எழுதுபவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

பழைய பதிப்பை நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள், இரண்டும் ஒரே பெயரில் ஒரே கோப்புறையில் கிடந்தால் குழப்பம்தான். வாங்கும்போது விற்பவர் பெயர் தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்தானா என்று பாருங்கள். 2018-இல் விண்டோஸ் கடையில் யாரோ ஒருவர் இதே மென்பொருளை ஏற்றி 2.99 டாலருக்கு விற்றார். அது தங்களுடையதல்ல என்று அறக்கட்டளை அறிவித்த பிறகு மைக்ரோசாஃப்ட் அதை நீக்கியது. அந்தக் காசில் ஒரு சல்லிகூட இதை எழுதியவர்களுக்குப் போகவில்லை.

இன்னொன்று. இணையதளத்தில் பழைய பதிப்புகள் எல்லாம் காப்பகத்தில் இருக்கின்றன. புதியது ஒத்துவரவில்லை என்றால் முந்தையதற்குத் திரும்பலாம். ஸ்டோரில் அவர்கள் தருவதுதான். எங்கள் படிப்பகத்து மேக் மினி போலப் பழைய இயந்திரம் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இணையதளப் பதிப்பில் இருப்பேன்.

"இந்தக் காலத்தில் யார் பேஸ் பயன்படுத்துகிறார்கள், பட்டியலை இணையத்தில் ஏற்றிவிட வேண்டியதுதானே" என்று கருத்து எழுத வருகிறவர்களுக்கு: எங்கள் படிப்பகத்தில் இணைய இணைப்பு செயலாளரின் கைப்பேசியிலிருந்து வருகிறது, அவர் மாலையில் நடைப்பயிற்சிக்குப் போகும்போது அதுவும் கூடவே போய்விடுகிறது. "பேஸை விட்டுவிட்டுக் கால்க்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்" என்பவர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஒரு நகல் அப்படியும் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் யாரிடம் எந்த நூல் போயிருக்கிறது, கெடு தாண்டியவை எவை என்று கேட்டால் பேஸ் சொல்லும் வேகத்தில் நான் கணக்குத் தாளில் தேடிக்கொண்டிருக்க முடியாது. கெடு தாண்டியவர்கள் பட்டியலில் அந்தத் தலைமையாசிரியர் பெயரும் இருக்கிறது.