சனிக்கிழமை குதிரையைப் போட்டிக்குக் கொண்டுபோகலாமா?

தம்பி, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள்: குதிரை தீவனத்தில் பாதியை மிச்சம் வைக்கிறது, லேசாகச் சளி வடிகிறது, சனிக்கிழமை ஈப்போவில் தடை தாண்டும் போட்டி, பணமும் கட்டியாகிவிட்டது. பணம் போனால் போகட்டும்.

வெயில் ஏறுமுன் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். அதில் நூல் கட்டி வால்முடியோடு முடிந்துகொள்ளுங்கள். உள்ளே நழுவிவிட்டால் தேடுவது யார்? 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் லாரியில் ஏற்றவே வேண்டாம். தொற்றாக இருந்தால் அங்குள்ள குதிரைகளுக்கும் பரவும். ஓய்வில் நாடியையும் எண்ணிப் பாருங்கள்; நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இயல்பு.

காய்ச்சல் இல்லாவிட்டாலும், தீனி எடுக்காத குதிரையை நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓடவிட நான் சம்மதிக்கமாட்டேன். உங்கள் நண்பர் போடச் சொன்ன வலிநிவாரண ஊசி வேண்டவே வேண்டாம். நோயை மறைக்கும், மருந்துச் சோதனையிலும் மாட்டிவிடும். கால்நடை மருத்துவரை இன்றே அழையுங்கள்.