ஐந்து வீரர்கள், ஒரு சுரங்க ஊர்: எந்த இனம், எவ்வளவு முன்கதை?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேருக்கு பகடை உருட்டிப் பாத்திரங்களாக ஆடும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் ஒரு நீண்ட கேம்பெயினை, அதாவது பல அமர்வுகளுக்குத் தொடரும் கதையை, நடத்தப்போகிறேன். கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டராக உட்காருவது எனக்கு இதுவே முதல்முறை. கதை மலையடிவாரத்துச் சுரங்க ஊர் ஒன்றில் தொடங்குகிறது. ஒருவர் பறவை மனிதரான, பறக்கும் ஆரகோக்ராதான் வேண்டும் என்கிறார்; இன்னொருவர் கொம்பும் வாலும் உடைய டீஃப்லிங் கேட்கிறார்; மூன்றாமவர் தன் எல்ஃபுக்கு 12 பக்க முன்கதை எழுதி அனுப்பிவிட்டார்; நான்காமவர் ஹாஃப்-ஆர்க் இனத்து விசார்டாக, அதாவது மந்திரவாதியாக, ஆட விரும்பி, எண்கள் ஒத்துவராது என்று தயங்குகிறார்; ஐந்தாமவர் "மனிதன், பெற்றோர் இல்லை, தனியாள்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். சிலரிடம் 2014ஆம் ஆண்டு விதிநூலும் ஒருவரிடம் 2024ஆம் ஆண்டு விதிநூலும் இருக்கின்றன. எந்த இனங்களை அனுமதிப்பது? முன்கதை எவ்வளவு இருந்தால் போதும்?

பதில்: இனப் பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அந்தச் சுரங்க ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்தை முதலில் வெட்டியவர்கள் யார், இன்று அதன் கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது, தாது வண்டிகளை வழிமறிப்பவர்கள் யார் என்ற மூன்றுக்கும் விடை எழுதிவிட்டால், எந்த இனத்துக்கு அங்கே இடமுண்டு என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும். மீதி இருக்கும் இனங்களுக்கு ஒரே ஒரு சோதனை வைத்தால் போதும்: இந்தப் பாத்திரம் ஊர்ச் சத்திரத்துக்குள் நுழையும்போது, அங்கே கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும் தொழிலாளி தன் பக்கத்தில் இருப்பவரிடம் என்ன சொல்வார்? அதற்கு உங்களால் ஒரு வாக்கியம் சொல்ல முடிந்தால் அந்த இனத்தை அனுமதியுங்கள். முடியாவிட்டால், அந்த வாக்கியத்தை ஆட்டக்காரரிடமே கேட்டு வாங்கிக்கொண்டு அனுமதியுங்கள்.

2014 விதிநூலில் ஒன்பது இனங்கள் உள்ளன. அவற்றில் ட்வார்ஃப், எல்ஃப், ஹாஃப்லிங், மனிதர் ஆகிய நான்கும் எங்கும் காணக்கூடியவை என்றும், டிராகன்பார்ன், நோம், ஹாஃப்-எல்ஃப், ஹாஃப்-ஆர்க், டீஃப்லிங் ஆகிய ஐந்தும் அரிதானவை, எல்லா உலகங்களிலும் இருக்க வேண்டியதில்லை என்றும் அந்த நூலே சொல்கிறது. பலர் இந்த வரியைக் கவனிப்பதில்லை. நானும் கவனிக்காமல்தான் என் முதல் கேம்பெயினில் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். மேசையில் ஒரு பூனை மனிதர், ஒரு ஆமை மனிதர், ஒரு டிராகன்பார்ன், ஒரு டீஃப்லிங் என்று சேர்ந்துகொண்டார்கள். முதல் ஊரில் காவலர்கள் வாயைப் பிளந்தார்கள், இரண்டாம் ஊரில் பிளந்தார்கள், நான்காம் அமர்வுக்குள் அந்தக் காட்சி எனக்கே சலித்துப்போய் அதை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு யார் எந்த இனம் என்பதற்கு ஆட்டத்தில் ஒரு பொருளும் இருக்கவில்லை. கடைசியில் அந்தக் குழுவில் எல்லாரும் திரும்பிப் பார்த்த பாத்திரம், சாதாரண மனிதராக ஆடிய ஒருவருடையதுதான். விசித்திரம் என்பது அளவைப் பொறுத்தது. ஐந்து பேரில் ஒருவரோ இருவரோ அரிதானவராக இருந்தால்தான் அந்த அரிது அரிதாக நிற்கும்.

குறைத்துக்கொள்வதால் உலகம் வளம் இழந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். இதே விளையாட்டுக்காக 1991இல் வந்த டார்க் சன் என்ற கதை உலகத்தில் நோம்கள் பூண்டோடு அழிக்கப்பட்டுவிட்டார்கள், ஹாஃப்லிங்குகள் நரமாமிசம் உண்பவர்கள்; அந்த இரண்டு தகவல்களைக் கேட்ட மாத்திரத்திலேயே அந்தப் பாலைவனம் எப்படிப்பட்டது என்று ஆட்டக்காரருக்குப் புரிந்துவிடும். 2004இல் வந்த எபெரான் உலகத்தின் வார்ஃபோர்ஜ்டுகள் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. அவர்கள் போருக்காகவே பட்டறையில் செய்யப்பட்டவர்கள், அவர்களில் மூத்தவரே முப்பதைச் சற்றுத் தாண்டியவர், போரை முடித்த உடன்படிக்கைதான் அவர்களை உடைமைகளாக அல்லாமல் தனி ஆட்களாக ஏற்றது. ஒருவர் வார்ஃபோர்ஜ்டைத் தேர்ந்தெடுத்த அந்தக் கணமே, போர் முடிந்தபின் என்ன செய்கிறாய் என்ற கேள்வி கூடவே வந்து நிற்கிறது. இனத்தையும் முன்கதையையும் தனித்தனி வேலையாகப் பார்க்காமல் ஒரே கேள்விக்கு இரண்டு பக்கத்திலிருந்து வரும் விடையாகப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இடையில் சொல் பற்றி ஒன்று. இனத்துக்கு 2014 நூலில் இருந்த 'ரேஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை 2024 நூல் மாற்றி, உயிரின வகையைக் குறிக்கும் 'ஸ்பீஷீஸ்' என்ற சொல்லை வைத்தது. அதற்கு முன்பே, இதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு 2019இல் மூதாதை வழியைக் குறிக்கும் சொல்லுக்கு மாறிவிட்டது. தமிழில் நமக்கு இந்தச் சிக்கல் பாதிதான்: பறவையினம் என்றாலும் மனித இனம் என்றாலும் அதே 'இனம்' என்ற சொல்லை வைத்து நாம் பேசிவிடுகிறோம். ஆனால் அந்த மாற்றத்துக்குப் பின்னால் இருந்த கவலை, அதாவது ஓர் இனம் முழுவதையும் பிறவியிலேயே கொடியவர் என்றோ மந்தபுத்தியினர் என்றோ எழுதிவைக்கலாமா என்பது, எந்த மொழியில் ஆடினாலும் உங்கள் மேசைக்கும் உரியது.

இனி ஹாஃப்-ஆர்க் விசார்ட். 2014 விதிப்படி இந்த இனம் உடல்வலிமைக்கு 2, உடல்தாங்குதிறனுக்கு 1 கூட்டித் தருகிறது. விசார்டுக்குத் தேவையான அறிவுத்திறனுக்கு எதுவும் இல்லை. 15, 14, 13, 12, 10, 8 என்று ஆறு திறன்களுக்கும் பங்கிடும் வழக்கமான எண்வரிசையில் 15ஐ அறிவுக்கு வைத்தால் பகடையோடு கூட்டும் எண் 2. அறிவுக்கு 1 கூட்டும் ஹை எல்ஃபுக்கு 16 ஆகி அந்த எண் 3. விசார்டின் மந்திரத்திலிருந்து எதிரிகள் தப்பிக்க உருட்ட வேண்டிய இலக்கு ஒருவருக்கு 12, மற்றவருக்கு 13. இருபதுமுகப் பகடையில் இது இருபதில் ஒரு முறை மட்டுமே முடிவை மாற்றும் வேறுபாடு. ஓர் இரவு முழுவதும் ஆடினாலும் இரண்டு முறைக்கு மேல் யாரும் அதை உணரப்போவதில்லை. மறுபுறம், உயிரின் அளவான ஹிட் பாயின்ட் பூஜ்யத்துக்கு விழும்போது ஒன்றில் நின்றுகொள்ளும் ஹாஃப்-ஆர்க்கின் இயல்பு, ஒற்றைக் காற்றில் அணையும் விளக்கைப் போன்ற முதல் லெவல் விசார்டுக்குக் கிடைக்கும் பெரிய வரம். நண்பரைத் தயங்காமல் ஆடச் சொல்லுங்கள். எண்தான் உறுத்துகிறது என்றால், 2020இல் வந்த டாஷாவின் துணைநூலில் உடல்வலிமைக்குக் கிடைக்கும் அந்த 2ஐ அறிவுத்திறனுக்கு மாற்றிக்கொள்ள விதி இருக்கிறது.

ஆரகோக்ராவைப் பற்றி எல்லாரும் அஞ்சுவது அதன் பறத்தலை. 2015 துணைநூலில் அதன் பறக்கும் வேகம் 50 அடி. 2022இல் திருத்தப்பட்ட வடிவில் நடை வேகமான 30 அடியோடு சமன்படுத்திவிட்டார்கள். நீங்கள் பின்னதைப் பயன்படுத்துங்கள். முதல் லெவலிலேயே பறப்பவரை ஓநாயால் தொட முடியாது, உடைந்த பாலம் அவருக்குத் தடையாகாது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் காப்ளின் என்ற குட்டி எதிரிகளின் கையில் சிறுவில் இருக்கிறது, 80 அடி வரை அது தடையின்றி எய்யும்; 60 அடி உயரத்தில் பறப்பவர் நினைவிழந்தால் பத்தடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை வீதம் ஆறு பகடைகள், சராசரியாக 21 சேதம், முதல் லெவலில் 15 ஹிட் பாயின்ட் வைத்திருப்பவரே குறைவு. ஆகவே சமநிலை உங்களுக்குப் பெரிய சிக்கல் அல்ல. பெரிய சிக்கல், கேம்பெயினில் பாதி சுரங்கத்துக்குள் நடக்கப்போகிறது என்பது. ஐந்தடி உயரச் சுரங்கவழியில் சிறகை மடக்கிக்கொண்டு இருபது அமர்வுகள் குனிந்து நடக்க அந்த நண்பர் விரும்புவாரா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அப்படியும் வேண்டும் என்றால், அந்த நெருக்கடியையே முன்கதையாக்கலாம். நம் உலகத்து நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக்காற்றை அறியக் கூண்டில் கானரிக் குருவியைக் கொண்டுபோனார்கள். உங்கள் ஊர்த் தொழிலாளிகளும் அந்த வழக்கம் உடையவர்கள் என்று வைத்தால், ஆளுயரப் பறவை ஒன்று சுரங்க வாயிலில் வந்து நிற்கும்போது அவர்கள் பார்க்கும் பார்வைக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

இருளில் பார்க்கும் திறன் பற்றிச் சுருக்கமாக. உங்கள் குழுவில் அது இல்லாதவர்கள் மனிதரும் ஆரகோக்ராவும். மற்றவர்கள் அந்த இருவரையும் சுமையாக நினைக்க வேண்டியதில்லை, ஏனெனில் அந்தத் திறன் முழு இருளை மங்கலாகத்தான் மாற்றுகிறது. மங்கலில் எதையாவது கண்டுபிடிக்க உருட்டினால் இரண்டு பகடையில் சிறியதையே எடுக்க வேண்டும். பொறியை மிதிக்காமல் நடக்க எல்லாருக்குமே தீப்பந்தம் வேண்டும்.

டீஃப்லிங்கைப் பொறுத்தவரை விதியில் ஒன்றும் தடையில்லை. கேட்க வேண்டியது ஆளைத்தான். கொம்பையும் வாலையும் கண்டு ஊர் வெறுக்கும் கதை சிலருக்கு வேண்டும், சிலருக்குத் தோற்றம் மட்டுமே வேண்டும், தங்கள் வாழ்க்கையில் போதுமான அளவு ஒதுக்கத்தைப் பார்த்துவிட்டவர்களுக்கு வார இறுதியிலும் அதையே சந்திக்க விருப்பம் இருக்காது. ஆட்டம் தொடங்கும் முன் எல்லாரும் கூடிப் பேசும் செஷன் ஸீரோவில் பொதுவாகவும், அதற்கு முன்னால் அந்த நண்பரிடம் தனியாகவும் கேளுங்கள்.

முன்கதைக்கு வருகிறேன். 12 பக்கம் என்பதில் எனக்குக் குறையில்லை, அதில் என்ன முடிந்துவிட்டது என்பதில்தான். எல்ஃப்கள் நூறு வயதில்தான் தங்களைப் பெரியவர்களாகக் கருதுவார்கள் என்பதால், எல்ஃபாக ஆடுபவர்களுக்கு அந்த நூறு ஆண்டையும் நிரப்பிவிட வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. மூன்று போர்கள், ஒரு துரோகம், மீட்கப்பட்ட குலவாள் என்று எல்லாம் நடந்து முடிந்தபின் பாத்திரம் மேசைக்கு வருகிறது. முதல் லெவலில் காப்ளின் ஒன்றின் வளைந்த வாள் சராசரியாக 5 சேதம் செய்யும், ஆகவே மூன்று போர்களின் நாயகன் முதல் நாள் இரவே இரண்டு மூன்று வெட்டில் தரையில் கிடப்பார். அந்த முரண்பாட்டைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள், எழுதியவர் புண்படுவார். எனவே நண்பரைப் பக்கங்களைக் குறைக்கச் சொல்லாதீர்கள். இந்த 12 பக்கத்தில் இன்னும் முடியாமல் இருப்பது எது என்று மட்டும் கேளுங்கள். துரோகம் செய்த அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்று அவர் சொன்னால், அந்த ஒரு வரிதான் உங்களுக்கு வேண்டிய முன்கதை. குலவாளை மீட்டதை மட்டும் தள்ளிப்போடச் சொல்லலாம்.

ஒற்றை வரி எழுதியவரிடம் சோம்பல் என்று குறைசொல்வது எளிது. என் அனுபவத்தில் அந்த வரிக்குப் பின்னால் பெரும்பாலும் அச்சம்தான் இருக்கிறது: குடும்பம் ஒன்றை எழுதிக்கொடுத்தால் டன்ஜன் மாஸ்டர் மூன்றாம் அமர்வில் அதைக் கொன்றுவிடுவார் என்று முன்பு சூடுபட்டவர்கள் பெற்றோரை முன்கூட்டியே தாங்களே கொன்றுவிடுகிறார்கள். உறவினரைத் தீயிட்டுக் கொளுத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். உன்னை வளர்த்தது யார்? சுரங்கத்துச் சாப்பாட்டுக்கடை நடத்தும் ஹாஃப்லிங் கிழவி. அவருக்கு நீ என்ன பாக்கி? எண்பது வெள்ளிக்காசு, கணக்கு எழுதிய சுவர் இன்னும் இருக்கிறது. அந்தக் கடையில் உன்னால் சகிக்க முடியாத வாடிக்கையாளர் யார்? இங்கே நீங்கள் குறுக்கிட்டு, தாதுக் கணக்கை எழுதும் ஓர் எல்ஃப் என்று சொல்லுங்கள். அவன்தான் 12 பக்கத்து அண்ணன் என்பது இரண்டு ஆட்டக்காரர்களுக்கும் சில அமர்வுகள் கழித்துத் தெரியட்டும். உயிரோடு இருக்கும் உறவினர்களால் கடன் கேட்க முடியும், தவறான யோசனை சொல்ல முடியும், கல்யாணப் பத்திரிகை அனுப்ப முடியும். எந்தச் சாவுச் செய்தியைவிடவும் வேகமாக அது ஆட்டக்காரரை ஊருக்கு இழுத்துவரும்.

அளவு என்று கேட்டதால் சொல்கிறேன்: நீங்கள் படிக்க வேண்டிய பகுதி அரைப் பக்கம். அதில் ஊரில் உயிரோடு இருக்கும் ஒருவர், குழுவில் ஏற்கெனவே தெரிந்த ஒருவர், முடியாத ஒரு விவகாரம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். 2014 நூல் கேட்கும் குணவியல்பு, இலட்சியம், பிணைப்பு, குறை என்ற நான்கில் பிணைப்பை மட்டும் கண்டிப்பாக எழுதச் சொல்லுங்கள், மற்றவை ஆடும்போது வந்துசேரும்.

இரண்டு பதிப்புகளையும் கலக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. 2014இல் திறன் எண்களைக் கூட்டித் தருவது இனம். 2024இல் அந்த வேலையைச் செய்வது பாத்திரத்தின் முந்தைய தொழிலைக் குறிக்கும் பின்னணி, கூடவே அது ஃபீட் எனப்படும் ஒரு சிறப்புத் திறனையும் தருகிறது. பழைய இனத்தையும் புதிய பின்னணியையும் சேர்த்து எடுப்பவர் இரண்டு முறை கூட்டிக்கொள்ளக் கூடாது. இனம் தரும் கூட்டலைக் கைவிட வேண்டும் என்று 2024 நூலே சொல்கிறது. அந்த நூலில் ஹாஃப்-ஆர்க் கிடையாது, ஆர்க் இருக்கிறது, ஒன்றில் நின்றுகொள்ளும் அந்த வரமும் அதற்கு உண்டு. அறிஞர் பின்னணியோடு அதை எடுத்தால் அறிவுத்திறனுக்கு 2, உடல்தாங்குதிறனுக்கு 1 கிடைத்துவிடும் என்பதால், உங்கள் நான்காவது நண்பர் எந்த நூலை வைத்து ஆடுகிறார் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் அமர்வு முடியும்வரை யார் வேண்டுமானாலும் இனத்தையோ முன்கதையையோ மாற்றிக்கொள்ளலாம் என்றும் அறிவித்துவிடுங்கள். ஆரகோக்ரா நண்பர் முதல் சுரங்கவழியைக் கடந்த பிறகு அந்தச் சலுகையைக் கேட்கக்கூடும்.