மதிப்பெண் பட்டியலில் சிவப்பு நிறம்: பாண்டாஸில் சரியான வழி எது?

கேள்வி: பைத்தானில் பாண்டாஸ் (அட்டவணைத் தரவைக் கையாளும் நூலகம்) கொண்டு வகுப்பு மதிப்பெண் பட்டியலை வலைப்பக்கமாக்குகிறேன். 35-க்குக் குறைந்த மதிப்பெண் சிவப்பாகத் தெரிய, எண்ணைச் சுற்றி ஸ்பேன் என்ற எச்டிஎம்எல் டேக் போட்டேன். நிறம் வரவில்லை, டேக்தான் அப்படியே எழுத்தாகத் தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: டேட்டாஃப்ரேம் என்பது பாண்டாஸில் உங்கள் அட்டவணை. அதை வலைப்பக்கமாக்கும் டு_எச்டிஎம்எல், செல்லுக்குள் இருக்கும் டேக்குகளைச் சாதாரண எழுத்தாக மாற்றிவிடும். அதன் எஸ்கேப் என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் நிறம் வந்துவிடும். ஆனால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஸ்பேன் சேர்ந்ததுமே உங்கள் 34 எண்ணாக இல்லாமல் ஸ்டிரிங் (வெறும் எழுத்து) ஆகிவிட்டது. இனி சராசரி எடுக்க முடியாது, சரியாக வரிசைப்படுத்தவும் முடியாது. தரவு தரவாகவே இருக்கட்டும். நிறத்தைத் தனியாகப் பூசலாம்.

அதற்குத்தான் அட்டவணைக்கு அழகு சேர்க்கும் ஸ்டைலர் என்ற பாண்டாஸ் கருவி. டேட்டாஃப்ரேம் பெயருக்குப் பின் புள்ளி வைத்து ஸ்டைல் என்று எழுதினால் அது கிடைக்கும். இதற்கு ஜின்ஜா2 என்ற நூலகத்தையும் நிறுவியிருக்க வேண்டும். ஒரு மதிப்பெண்ணை வாங்கி, 35-க்குக் கீழ் என்றால் சிவப்புக்கான சிஎஸ்எஸ் (வலைப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) வரியையும், இல்லையென்றால் வெற்று ஸ்டிரிங்கையும் திருப்பித் தரும் சிறு ஃபங்ஷனை எழுதி, ஸ்டைலரின் மேப்பிடம் கொடுங்கள். பழைய பாடங்களில் இது அப்ளைமேப் என்றிருக்கும். 2023-இல் வந்த 2.1 பதிப்பிலிருந்து பெயர் மேப். மேப்பின் சப்செட் அமைப்பில் பாடப் பத்திகளை (நெடுவரிசைகளை) மட்டும் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் மாணவர் பெயரையும் 35-உடன் ஒப்பிடப் போய் பிழை வரும்.

ஒரு பாடத்தில் தவறினாலும் முழு வரிசையும் நிறம் மாற வேண்டுமா? அப்போது மேப்புக்குப் பதில் ஸ்டைலரின் அப்ளை, அதில் ஆக்சிஸ் 1 (வரிசை வரிசையாகப் பார்க்க). வரிசையில் எத்தனை செல்களோ அத்தனை சிஎஸ்எஸ் வரிகள் கொண்ட பட்டியலை ஃபங்ஷன் திருப்ப வேண்டும்.

தேர்வுக்கு வராதவர்களுக்கு 'ஏபி' என்று போட்டிருப்பீர்கள். அந்த ஒரு சொல்லே பத்தி முழுவதையும் கெடுத்துவிடும். கோப்பைப் படிக்கும்போதே என்ஏ_வேல்யூஸில் அதைக் கொடுத்து வெற்று மதிப்பாக்குங்கள். வெற்று மதிப்பு 35-க்குக் கீழ் என்று கணக்காகாது, சிவப்பும் விழாது. ஸ்டைலரின் ஃபார்மட்டில் என்ஏ_ரெப் வழியாக 'வரவில்லை' என்று காட்டலாம். வெற்று மதிப்பு கலந்த பத்தியில் எண்கள் தசமமாகிவிடும் என்பதால், தசம இடம் வேண்டாம் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கடைசி வரியில் ஸ்டைலரின் டு_எச்டிஎம்எல்லைத்தான் அழைக்க வேண்டும். பலர் பழக்கத்தில் டேட்டாஃப்ரேமுடையதையே அழைத்துவிட்டு, நிறம் எங்கே என்று தேடுகிறார்கள்.

பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பப் போகிறீர்கள் என்றால் இன்னொரு வேலை உண்டு. ஸ்டைலர் சிஎஸ்எஸ்ஸைத் தனி ஸ்டைல் பகுதியில் வைக்கிறது, சில மெயில் செயலிகள் அதை நீக்கிவிடும். ப்ரீமெய்லர் போன்ற நூலகத்தால் அந்த விதிகளை ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இறக்கிவிட்டு அனுப்புங்கள்.