47 ஜிபி அனுப்பினால் 61 ஜிபி வந்து சேருமா?

கேள்வி: பழைய லினக்ஸ் சர்வரில் 47 ஜிபி இருந்த ஃபோல்டரை, புதிதாக வாடகைக்கு எடுத்த சர்வருக்கு ஃபைல்களைக் காப்பி செய்யும் ஆர்சிங்க் கட்டளை மூலம் மாற்றினேன். எர்ரர் எதுவும் வரவில்லை. ஆனால் அங்கே டியு கட்டளை 61 ஜிபி என்கிறது. பழைய சர்வரை ரத்து செய்துவிடலாமா?

பதில்: இப்போதே வேண்டாம். காப்பி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் டியு காட்டும் எண்ணை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. ஃபைல்களுக்குள் எத்தனை பைட் இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. டிஸ்க்கில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதையே சொல்கிறது. இடம் பிளாக் பிளாக்காகத்தான் ஒதுக்கப்படும். பிளாக் 4 கேபி என்றால் 1 பைட் ஃபைலுக்கும் 4 கேபி போய்விடும். கம்ப்ரஷன் இயங்கும் இசட்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டத்தில் அதே தரவு குறைவான இடத்தில் அடங்கும்.

முதலில் இரு சர்வரிலும் ஃபைண்ட் கட்டளையைச் சாதாரண ஃபைல்களுக்கு மட்டும் ஓட்டி, எத்தனை ஃபைல், மொத்தம் எத்தனை பைட் என்று எடுங்கள். டியுவிலேயே சிறிய எழுத்து பி தேர்வு (கட்டளையோடு சேர்க்கும் ஆப்ஷன்) பைட் கணக்கைத் தரும் என்றாலும், பழைய பதிப்புகளில் ஃபோல்டர்களின் சொந்த அளவையும் அது சேர்த்துக்கொள்ளும். எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் காலி ஃபோல்டருக்கே 4096 பைட். எக்ஸ்எஃப்எஸ்-இல் சில பைட்தான். ஒழுங்காக வந்த காப்பியும் அந்தக் கணக்கில் பொருந்தாமல் போகலாம்.

புதிய இடத்தில் ஃபைல் எண்ணிக்கை கூடியிருந்தால், சிம்பாலிக் லிங்க்குகளுக்குப் பதிலாக அவை சுட்டும் அசல் ஃபைல்களே காப்பியாகியிருக்கலாம். முழு ஃபோல்டரையும் அனுப்ப எஸ்சிபி என்ற காப்பி கட்டளையை ஓட்டினால் இப்படித்தான் ஆகும். எண்ணிக்கை குறைந்திருந்தால், படிக்க அனுமதி இல்லாத ஃபைல்களையும் புள்ளியில் தொடங்கும் மறைவான ஃபைல்களையும் தேடுங்கள். ஃபோல்டர் பெயருக்குப் பின் நட்சத்திரக் குறி போட்டு காப்பி செய்தால் மறைவானவை விட்டுப்போகும்.

எண்ணிக்கையும் பைட்டும் பொருந்தி, டியு மட்டும் 14 ஜிபி கூடுதலாகக் காட்டுகிறதா? அப்படியானால் ஸ்பார்ஸ் ஃபைல்தான் முதல் சந்தேகம். விர்ச்சுவல் மெஷின் டிஸ்க் இமேஜ் நல்ல உதாரணம்: அளவு 20 ஜிபி என்று இருக்கும், எழுதப்பட்டது 6 ஜிபிதான், மீதி டிஸ்க்கில் இடமே பிடிக்காத வெற்றுப் பகுதி. ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைச் சிறிய எழுத்து எல், எஸ் என்ற இரு தேர்வுகளோடு ஓட்டினால், வரியின் தொடக்கத்தில் உள்ள எண் பிடித்த இடத்தை 1 கேபி கணக்கில் காட்டும். பழைய சர்வரில் அது சுமார் 63 லட்சமாகவும் புதியதில் சுமார் 2.1 கோடியாகவும் இருந்து, பைட் அளவு இரண்டிலும் 21,47,48,36,480 என்றே இருந்தால், அந்த 14 ஜிபி முழுக்கப் பூஜ்ஜியங்கள். ஆர்சிங்க் தானாக ஸ்பார்ஸைக் காப்பாற்றாது; பெரிய எழுத்து எஸ் தேர்வு தேவை. அதைச் சேர்த்து மறுபடி ஓட்டினால் மட்டும் போதாது. அளவும் நேரமும் ஒத்துப்போவதால், ஏற்கெனவே வந்துவிட்ட ஃபைலை ஆர்சிங்க் தொடாமல் தாண்டிப் போய்விடும். அந்த ஃபைலை அழித்துவிட்டு மீண்டும் அனுப்ப வேண்டும்.

அடுத்த சந்தேகம் ஹார்ட் லிங்க். ஒரே தரவுக்குப் பல பெயர் இருந்தால் டியு ஒருமுறைதான் எண்ணும். ஆர்சிங்க்கின் வழக்கமான ஏ தேர்வு அந்த இணைப்பை விட்டுவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் தனிக் காப்பி போடும். அன்றாட பேக்கப்புகளை ஹார்ட் லிங்க் முறையில் அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு இதனால் இடம் பல மடங்காகிவிடும். பெரிய எழுத்து ஹெச் தேர்வு இதைத் தடுக்கும்.

ரத்து செய்வதற்கு முன் கடைசிச் சோதனை: பழைய சர்வரில் எல்லா ஃபைல்களுக்கும் ஷா256சம் பட்டியல் (ஒவ்வொரு ஃபைலின் உள்ளடக்கத்துக்கும் கைரேகை போன்ற ஓர் எண்) எடுத்து, புதியதில் சி தேர்வோடு சரிபாருங்கள். லாக் ஃபைல்கள் மட்டும் தேறவில்லை என்றால் கவலை வேண்டாம், அவை வளர்ந்துகொண்டே இருப்பவை. டேட்டாபேஸ் ஃபைல் தேறவில்லை என்றால் அலட்சியம் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபைல்களை நேரடியாகக் காப்பி செய்வது ஆபத்து. சேவையை நிறுத்திவிட்டோ, டம்ப் (தரவை ஒரு ஃபைலாக ஏற்றுமதி) எடுத்தோ மாற்றுங்கள்.

கேள்வி: சர்வரில் 900 ஜிபி இருக்கும் பேக்கப், புதிதாக வாங்கிய 1 டிபி டிஸ்க்கில் கொள்ளவில்லை. டிஸ்க் குறைபாடுள்ளதா?

பதில்: இல்லை. தயாரிப்பாளர் 1 டிபி என்பது ஒரு லட்சம் கோடி பைட். சர்வர் 1024-ஆல் வகுத்துக் காட்டுவதால் அதுவே 931 ஜிபி ஆகிறது. மீதி 31 ஜிபி எங்கே போனது என்றால், ஃபார்மேட்டைப் பாருங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை விண்டோஸ் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யும்போது வழக்கமாக வைக்கும் கிளஸ்டர் (பிளாக் போல, ஒரு ஃபைலுக்கு ஒதுக்கும் குறைந்தபட்ச இடம்) 128 கேபி. ஒவ்வொரு ஃபைலிலும் சராசரியாக அதில் பாதி வீண் என்று வைத்தாலும், 8 லட்சம் ஃபைலுக்கு 49 ஜிபி போய்விடும். சின்னச் சின்ன ஃபைல்கள் அதிகம் என்றால் இழப்பு இன்னும் கூடும்.

எல்லாவற்றையும் ஒரே டார் ஃபைலாகக் கட்டி வைப்பதுதான் நல்ல வழி. வீணாவது குறையும், எக்ஸ்ஃபேட்டில் தொலைந்துபோகும் லினக்ஸ் அனுமதிகளும் லிங்க்குகளும் டாருக்குள் பத்திரமாக இருக்கும். ஸ்பார்ஸ் ஃபைல் இருந்தால் இங்கேயும் பெரிய எழுத்து எஸ் தேர்வைச் சேருங்கள். இனி டிஸ்க் வாங்கும்போது மொத்த பைட்டோடு ஃபைல் எண்ணிக்கையையும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

கேள்வி: விண்டோஸ் கணினியிலிருந்து எஃப்டிபியில் ஏற்றிய ஸ்கிரிப்ட், சர்வரில் 1,240 பைட் குறைவாக இருக்கிறது. படங்களும் திறக்கவில்லை.

பதில்: அந்த ஸ்கிரிப்டில் 1,240 வரிகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஆஸ்கி (உரை) முறையில் அனுப்பினால், விண்டோஸ் வரி முடிவில் உள்ள இரண்டு பைட்டில் ஒன்று கழிந்துவிடும். ஸ்கிரிப்டுக்கு அதனால் கேடில்லை, படங்கள் பாழாகும். பைனரி முறைக்கு மாற்றி மறுபடி ஏற்றுங்கள். மறையாக்கத்துடன் அனுப்பும் எஸ்எஃப்டிபி கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். கடவுச்சொல்லும் திறந்த வெளியில் போகாது.

கேள்வி: மலிவு விலையில் வாங்கிய 2 டிபி பென்டிரைவில் காப்பி செய்த ஃபைல்கள் எல்லாம் சரியான அளவு காட்டுகின்றன. ஆனால் பாதி திறக்கவில்லை.

பதில்: போலிக் கொள்ளளவாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். உள்ளே சிறிய சிப் இருக்கும். கன்ட்ரோலர் 2 டிபி என்று பொய் சொல்லும். ஃபைல் பெயரும் அளவும் டிரைவின் தொடக்கப் பகுதியில் பதிவாவதால் பட்டியல் அச்சுப் பிசகாமல் தெரியும். எல்லையைத் தாண்டி எழுதிய தரவுதான் இருக்காது. காப்பி முடிந்த கையோடு திறந்து பார்த்தால் கணினியின் நினைவகத்திலிருந்தே ஃபைல் வந்து ஏமாற்றும். கழற்றி மாட்டிவிட்டுப் பாருங்கள்.

உறுதி செய்ய, லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ. இரண்டுமே டிரைவை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிடும். 2 டிபிக்கு நாள்கணக்கில் ஆகலாம், அதனால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் தொடங்கிவிடுங்கள். முடிவில் வரும் திரையைப் படமெடுத்து, திருப்பி அனுப்பும் கோரிக்கையோடு இணையுங்கள். மாற்று டிரைவ் தருகிறோம் என்றால் ஏற்காதீர்கள், பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.